திருத்தங்கல் வீட்டை விற்குமுன்…

கேள்வி: ஐயா, எங்கள் வீடு சிவகாசியை ஒட்டி, திருத்தங்கலில் இருக்கிறது. 1983-இல் அப்பா தன் சம்பாத்தியத்தில் 4 சென்ட் இடம் வாங்கி, 1986-இல் கீழ் வீட்டைக் கட்டினார். மாடி 2004-இல் எடுத்தது. அப்பா சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் மெஷின்மேனாக இருந்தவர். 2022-இல் காலமாகிவிட்டார், உயில் எழுதவில்லை. அம்மா இப்போது என்னோடு கோவையில் இருக்கிறார். தம்பிக்கு விருதுநகரில் வேலை. வீட்டை விற்றுவிடலாம் என்று மூவரும் முடிவு செய்திருக்கிறோம்.

புரோக்கர் 60 லட்சம் போகும் என்கிறார். ஆனால், "முழுசா பெயின்ட் அடிச்சு, அடுப்படியை மாடுலர் கிச்சனா மாத்தி, சுவத்து விரிசலை எல்லாம் பட்டி பார்த்து மூடினாத்தான் அந்த விலை வரும்" என்கிறார். 3 லட்சம் ஆகுமாம். மாடியை ஒருவருக்கு 4 லட்சத்துக்கு ஒத்திக்கு விட்டிருக்கிறோம். முத்திரைத்தாளில் எழுதியதுதான், பதிவு செய்யவில்லை. பின்பக்கத்து ஷெட்டைப் பட்டாசு அட்டைப்பெட்டி போட்டுவைக்க இன்னொருவர் வாடகைக்கு எடுத்திருக்கிறார். வாரிசுச் சான்றிதழில் அம்மா, நான், தம்பி, அப்பத்தா என்று நான்கு பேர். அப்பத்தா 2024-இல் தவறிவிட்டார்கள், எனவே இப்போது மூன்று பேர்தான். அந்த 3 லட்சத்தைப் போடலாமா? எதிலிருந்து தொடங்குவது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: போட வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அதற்குமுன், உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் தாண்டிப்போன இடத்துக்கு வருவோம். "எனவே இப்போது மூன்று பேர்தான்" என்கிறீர்கள். மூன்று பேர் இல்லை அம்மா. உங்கள் அப்பத்தாவுக்கு வேறு பிள்ளைகள் இருந்தால் அவர்களும் இந்த வீட்டில் பங்குதாரர்கள்.

அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்து, உயில் இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், இறந்தவரின் தாய் ஆகிய நால்வருக்கும் சம பங்கு. மகளுக்குப் பங்கு வந்தது 1989-க்குப் பிறகுதான் என்று ஊரில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது பூர்வீகச் சொத்து பற்றிய பேச்சு. தகப்பனாரின் தனிச் சொத்தில் மகளுக்கு 1956-இலிருந்தே சம பங்கு உண்டு. அதே சட்டம்தான் தாயையும் முதல் வரிசை வாரிசாக வைத்திருக்கிறது. அப்பா இறந்த அன்றே அப்பத்தாவுக்கு வீட்டில் கால் பங்கு வந்துவிட்டது. அவர் 2024-இல் இறந்தபோது அந்தக் கால் பங்கு உங்கள் மூவருக்கும் திரும்பி வரவில்லை. அவருடைய வாரிசுகளுக்குப் போய்விட்டது. அதாவது உங்கள் சித்தப்பா, அத்தை, அப்புறம் இறந்துபோன மகனின் பிள்ளைகளான நீங்களும் தம்பியும். மருமகளான உங்கள் அம்மாவுக்கு அந்தக் கால் பங்கில் ஒன்றும் கிடையாது.

ஒரு சித்தப்பா, ஓர் அத்தை என்று வைத்துக் கணக்குப் போடுகிறேன். வீட்டை 24 பங்காகப் பிரித்தால் அம்மாவுக்கு 6, உங்களுக்கு 7, தம்பிக்கு 7, சித்தப்பாவுக்கு 2, அத்தைக்கு 2. விற்பனை 60 லட்சம் என்றால் சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் ஆளுக்கு 5 லட்சம் சட்டப்படி சேர வேண்டியது. அவர்கள் அதைக் கேட்கப்போவதே இல்லை என்றும் இருக்கலாம். "அண்ணன் வீடு, எங்களுக்கு எதுக்கு" என்று சொல்லும் அத்தைமார்களை இந்தப் பக்கம் நிறையவே பார்த்திருக்கிறேன். ஆனால் வாய்வார்த்தையாக விட்டுக்கொடுப்பது பத்திரத்துக்கு ஆகாது. வாங்குபவரின் வக்கீல் வாரிசுச் சான்றிதழில் நான்காவது பெயரைப் பார்த்ததும் அப்பத்தாவின் இறப்புச் சான்றிதழையும், அவருக்கான வாரிசுச் சான்றிதழையும் கேட்பார். கேட்காத வக்கீல் என்றால் இன்னும் ஆபத்து. பத்து வருடம் கழித்து சித்தப்பா மகன் கேட்பான்.

இதற்குத் தனியாக விடுதலைப் பத்திரம் எழுதிச் செலவு செய்ய வேண்டிய அவசியம் இல்லை. எப்படியும் விற்கத்தான் போகிறீர்கள். கிரயப் பத்திரத்திலேயே ஐந்து பேரும் எழுதிக்கொடுப்பவர்களாகக் கையெழுத்துப் போட்டால் போதும். இப்போது செய்ய வேண்டியது, அப்பத்தாவின் பெயரில் தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு மனுச் செய்வது. அதற்குமுன் சித்தப்பா வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் நேரில் போய் விஷயத்தைச் சொல்வது. போனில் சொல்லாதீர்கள், புரோக்கர் மூலமாகச் சொல்லவே சொல்லாதீர்கள்.

அடுத்தது காகிதங்கள். உங்கள் 1983 பத்திரத்தில் ‘இராமநாதபுரம் மாவட்டம்’ என்று இருக்கும். 1985 மார்ச் 15-இல்தான் நம் மாவட்டம் தனியாகப் பிரிந்தது. கொஞ்சகாலம் காமராசர் மாவட்டம் என்று பெயர், 1997-இலிருந்து விருதுநகர் மாவட்டம். திருத்தங்கலும் தனி நகராட்சியாக இருந்து 2021-இல் சிவகாசி மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. ஆகவே பழைய பத்திரம், அப்பா காலத்து வீட்டுவரி ரசீது, இன்றைய ரசீது மூன்றிலும் மூன்று ஊர் போலத் தெரியும். இதில் கோளாறு ஒன்றும் இல்லை. ஆனால் வெளியூர் வங்கியின் சட்ட ஆலோசகர் குழம்புவார். பழைய வரி விதிப்பு எண் எது, புதியது எது என்பதை மாநகராட்சி ரசீதுகளோடு வரிசையாக அடுக்கிவையுங்கள். பத்திரத்தில் சொல்லியிருக்கும் நான்கு மாலையும் (எல்லைகளையும்) நேரில் போய்ச் சரிபாருங்கள். 1983-இல் கிழக்கு மால் யாரோ ஒருவரின் காலி நிலமாக இருந்திருக்கும். இன்று அங்கே மாடி வீடு நிற்கும். இப்போது யார் யார் வீடு என்று எழுதிவைத்துக்கொண்டால், புதிய பத்திரத்தில் பழைய மாலையும் இன்றைய மாலையும் சேர்த்தே சொல்லிவிடலாம். டேப் பிடித்து நீள அகலத்தையும் அளந்துவிடுங்கள். வாங்க வருகிறவர் அளந்து ஓர் அடி குறைகிறது என்று சொன்னால் விலை அங்கேயே இறங்கும். நீங்களே முன்கூட்டிச் சொன்னால் அவ்வளவு இறங்காது.

1983-இலிருந்து இன்றுவரைக்கும் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். மாடி எடுக்க 2004-இல் அப்பா கடன் வாங்கியிருந்தால் அந்த அடமானம் பதிவாகியிருந்தால் அதில் தெரியும். கடனை அடைத்துப் பத்திரத்தைக் கையில் வாங்கிவந்திருப்பார். ஆனால் கடன் தீர்ந்ததற்கான ரசீதைப் பதிவு செய்யாமல் விட்டிருப்பார். இது மிகச் சாதாரணமாக நடக்கிறது. வங்கியில் கேட்டு அந்த ரசீதை இப்போதாவது பதிவு செய்துவிடுங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். அப்பா பெயருக்குக்கூட மாறாமல், அவருக்கு விற்றவர் பெயரிலேயே நிற்கும் பட்டாக்கள் இன்றும் உண்டு. வாரிசுகள் பெயரில் கூட்டுப் பட்டா வாங்கிவிட்டு விற்பதே நல்லது. கீழ் வீட்டுக்கும் மாடிக்கும் வரைபட அனுமதி வாங்கிய காகிதம் இருக்கிறதா என்று அப்பாவின் பெட்டியில் தேடுங்கள். வங்கிக் கடனில் வாங்குபவருக்கு அது வேண்டும். மாடிக்கு அனுமதி வாங்கவில்லை என்றால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வங்கிப் பொறியாளர் மதிப்பிட வரும்போது அது எப்படியும் வெளியே வரும்.

மாடி ஒத்தி பதிவாகாததால் வில்லங்கத்தில் வராது. அதனால் அப்படி ஒன்று இல்லை என்று ஆகிவிடாது. அந்தக் குடும்பம் மாடியில் குடியிருக்கிறது. வீடு பார்க்க வருகிறவர் முதலில் பார்ப்பதே மாடிக் கொடியில் காயும் துணியைத்தான். ஒத்திக்காரருக்கு விற்கப்போவதை இப்போதே சொல்லி, கெடு வைத்து, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 4 லட்சத்தைத் திருப்ப இப்போது கையில் பணம் இல்லையென்றால், அட்வான்ஸ் தொகையிலிருந்து அவருக்குச் செக்காகக் கொடுத்து, பழைய முத்திரைத்தாளைத் திரும்ப வாங்கி, சாவியும் வாங்கிவிட்டுத்தான் பதிவுக்குப் போக வேண்டும்.

ஷெட் விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது நீங்களோ தம்பியோ நேரில் நின்று ஷெட்டைத் திறந்து பாருங்கள். காலி அட்டைப்பெட்டியும் லேபிளும் காகிதக் குழாயும் இருந்தால் பிரச்சினை இல்லை; நம் ஊரில் பாதி வீடுகளில் அது இருக்கும். மருந்தோ, திரியோ, செய்து முடித்த சரக்கோ இருந்தால் அது வேறு கதை. உரிமம் இல்லாத இடத்தில் வெடிமருந்து இருப்பது குற்றம். இடத்தைக் கொடுத்தவருக்கும் அதில் பங்கு வரும். 2021-இல் தாயில்பட்டியில் ஒரு வீட்டுக்குள் நடந்த வெடிவிபத்து உங்களுக்கு நினைவிருக்கலாம். அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் தொடாதீர்கள். அள்ளிக் குப்பையில் கொட்டாதீர்கள். தீவைத்து அழிக்கவும் முயலாதீர்கள். போலீசுக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் சொல்லுங்கள். சரக்கு எதுவும் இல்லையென்றாலும் வாடகைக்காரரைக் காலிசெய்யச் சொல்லி, தரையையும் சுவரையும் கழுவிவிட்ட பிறகு ஆட்களைக் கூட்டிவந்து காட்டுங்கள். பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவர்கள் அலுமினியத் தூளின் சாம்பல் கறையைத் தூரத்திலிருந்தே கண்டுகொள்வார்கள். ‘இங்கே என்ன நடந்தது?’ என்ற சந்தேகம் அவர்களுக்கு வந்துவிட்டால், நீங்கள் என்ன பதில் சொன்னாலும் எடுபடாது.

இப்போது விரிசலுக்கு வருவோம். புரோக்கர் பட்டி பார்த்து மூடச் சொல்கிறார் என்றால், வாங்குபவர்கள் கரிசலைப் பற்றித் தெரியாதவர்கள் என்று நினைக்கிறார் போலிருக்கிறது. நம் மாவட்டத்தின் பெரும்பகுதி கரிசல். மழையில் ஊறி உப்பும், கோடையில் காய்ந்து சுருங்கும். அதன் மேல் சாதாரண அஸ்திவாரத்தில் நிற்கும் வீட்டில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் கிளம்புவது இயல்பு. (இப்போது கட்டுகிறவர்கள் அடியில் குடை விரிந்தது போன்ற பைல் போட்டு, அதன்மேல் பீம் ஓட்டிக் கட்டுகிறார்கள். 1986-இல் அதை யார் செய்தார்கள்?) உங்கள் மனை கரிசலா, செம்மண்ணா என்று தம்பியிடம் கேளுங்கள், கடைக்கால் தோண்டியதை அம்மாவே பார்த்திருப்பார். கரிசல் என்றால் பட்டி தாங்காது. ஐப்பசி மழைக்குப் பிறகு அதே இடத்தில் மறுபடி வாய் திறக்கும். அட்வான்ஸ் வாங்கியதற்கும் பதிவுக்கும் இடையில் அது திறந்தால் உங்கள் சொல்லுக்கு மரியாதை இல்லாமல் போய்விடும்.

அதற்குப் பதிலாகச் செலவில்லாத ஒரு வேலை செய்யுங்கள். விரிசலின் குறுக்கே ஒரு சின்னக் கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதுங்கள். சில மாதம் கண்ணாடி உடையாமல் இருந்தால் சுவர் நகரவில்லை. உடைந்தால் நகர்கிறது, ஒரு கட்டுமானப் பொறியாளரைக் கூப்பிட்டு எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். எதுவானாலும், வீட்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கு வெளிப்பக்கம் சரிவாகச் சிமெண்ட் தளம் போட்டு, மழைத் தண்ணீரும் குளியலறைத் தண்ணீரும் சுவரடியில் தேங்காமல் வழித்துவிடுங்கள். புரோக்கர் சொன்ன 3 லட்சத்தில் ஒரு சிறு பகுதியை இதற்குச் செலவழித்தால் தகும். விரிசல் எதனால் வந்தது, என்ன செய்தீர்கள் என்பதை வாங்குபவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அவரும் இந்த மண்ணில் வளர்ந்தவர்தான். விரிசலைப் பார்த்து ஓடிவிட மாட்டார்.

அந்த 3 லட்சத்தில் இன்னொரு சிறு பகுதி தண்ணீருக்குப் போக வேண்டும். "நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வருது?" என்பதுதான் சிவகாசிப் பக்கம் வீடு பார்க்க வரும் பெண்களின் முதல் கேள்வி. ஆண்கள் பத்திரம் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கும்போது அவர்கள் தொட்டி மூடியைத் தூக்கிப் பார்த்துவிடுவார்கள். வெம்பக்கோட்டை அணையையும் தாமிரபரணித் திட்டத்தையும் நம்பியிருக்கும் ஊரில், எத்தனை லிட்டர் பிடித்துவைக்க முடியும் என்பதற்குத் தனி விலை உண்டு. தரைத் தொட்டியைக் கழுவி, கசிவை அடைத்து, கொள்ளளவைத் தெரிந்துவையுங்கள். மாநகராட்சிக் குடிநீர் இணைப்பின் ரசீது கையில் இருக்கட்டும். போர் எத்தனை அடி, கோடையில் எவ்வளவு நேரம் ஓடும், உப்புத் தண்ணியா என்பதை உள்ளபடி சொல்லுங்கள். வீடு பூட்டிக் கிடந்தால் வாரம் ஒருமுறை தம்பியை மோட்டாரை ஓடவிடச் சொல்லுங்கள். காட்டும் நாளில் மோட்டார் இறுகிப்போனால் அது வீட்டையே பழுதாகக் காட்டும்.

மொட்டை மாடியில் தட்டோடு பெயர்ந்திருந்தால் மாற்றுங்கள், ஒழுகும் குழாயைச் சரிசெய்யுங்கள், ஆடும் சுவிட்ச் போர்டை இறுக்குங்கள், எல்லா அறையிலும் பல்பு எரியட்டும். உள்ளே ஒரு கை வெள்ளையடித்தால் போதும். அடுப்படியைத் தொடாதீர்கள். வாங்குபவர் எப்படியும் தன் இஷ்டத்துக்கு இடித்துக் கட்டுவார். நீங்கள் போட்ட மாடுலர் கிச்சனுக்கு அவர் காசு தரமாட்டார். பழைய தேக்குக் கதவு இருந்தால் அதன்மேல் தயவுசெய்து பெயின்ட் பூச வேண்டாம், சுத்தம் செய்து மெழுகு தேய்த்தால் போதும். சிவப்பு ஆக்ஸைடு தரையும் அப்படியே. வாஸ்து என்று சொல்லி யாராவது வாசலை மாற்றச் சொன்னால் கேட்டுக்கொண்டு வந்துவிடுங்கள். அப்பாவின் துணிமணி, பழைய பாத்திரம், பரணில் கிடக்கும் காலண்டர் கட்டுகள் எல்லாம் வெளியேறினால் அறைகள் பெரிதாகத் தெரியும்.

எப்போது விற்பது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் கேட்டிருக்க வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் பத்திரம் முடிக்க மாட்டார்கள் என்பது எல்லா ஊருக்கும் பொது. நம் ஊரில் பட்டாசுப் பணத்துக்கும் ஒரு நாள்காட்டி இருக்கிறது. தீபாவளி வரைக்கும் முதல் போட்டவர் கையில் காசு இருக்காது. முடிந்து ஏஜெண்டுகளிடமிருந்து பாக்கி வரும்போதுதான் ஊரில் பணம் புரளும். ஆடிப்பெருக்கன்று ஆல்பம் வெளியிட்டுத் தொடங்கும் காலண்டர் வியாபாரமும் கிட்டத்தட்ட அந்தச் சமயத்தில்தான் கைக்கு வரும். ஆகவே கார்த்திகையில் விலை பேசி, தையில் பதிவு வைத்துக்கொள்வது உத்தமம். பட்டாசு பற்றிய நீதிமன்றத் தீர்ப்புகள் மீதும் ஒரு கண் வையுங்கள். 2018 அக்டோபர் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது ஊரில் கைமாற்று கேட்டால்கூடப் பணம் கிடைக்கவில்லை. அப்படி ஒரு சமயம் வந்தால் அவசரப்பட்டு விலையைக் குறைக்காமல் பொறுத்திருங்கள்.

புரோக்கர் ‘நீங்க கோவையில இருக்கீங்க, எனக்கு ஒரு பவர் குடுத்துடுங்க’ என்று கேட்கக்கூடும். கொடுக்காதீர்கள். கமிஷன் எவ்வளவு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். பதிவு நாளன்று ஐந்து பேரும் ஒருநாள் லீவு போட்டு வருவது பெரிய காரியமில்லை. கிரய உடன்படிக்கையை 2012 டிசம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் பதிவு செய்தாக வேண்டும். பதிவானால் அது வில்லங்கத்தில் ஏறும். பேரம் முறிந்தால் ரத்து ஆவணமும் பதிவு செய்தால்தான் அடுத்தவருக்கு விற்க முடியும். ஆகவே கெடு மூன்று மாதத்துக்கு மேல் வேண்டாம், கெடு தவறினால் அட்வான்ஸ் என்ன ஆகும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

பணம் முழுவதும் வங்கி வழியாக வரட்டும். வீடு, மனை விற்பனையில் 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே வருமான வரித் துறை அபராதம் போடலாம். ‘பாதி கையில, பாதி பத்திரத்துல’ என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். விலை 50 லட்சத்தை எட்டிவிட்டால் வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்துத்தான் மீதியைத் தர வேண்டும். விற்பவர்கள் பலராக இருந்தாலும் மொத்த விலையைத்தான் கணக்கில் எடுப்பார்கள். ஆகவே ஐந்து பேருக்கும் பான் கார்டு வேண்டும். உங்கள் அத்தைக்கு இருக்கிறதா என்று இப்போதே கேளுங்கள். ஆதாய வரியை அவரவர் பங்குக்கு அவரவர் கட்ட வேண்டும். 2001-க்கு முன் வாங்கிய இடம் என்பதால், 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை அடக்க விலையாக வைத்துக்கொள்ளலாம். அது அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. மாடி எடுத்த செலவையும் சேர்க்கலாம், ரசீதுகளைத் தேடுங்கள். பணவீக்கக் கணக்கோடு 20 சதவீதமா, அது இல்லாமல் 12.5 சதவீதமா என்று ஆடிட்டரிடம் இரண்டையும் போட்டுப் பார்க்கச் சொல்லி, குறைவானதைக் கட்டுங்கள். உங்கள் பங்கின் ஆதாயத்தைக் கோவையில் இன்னொரு வீட்டில் போடுவதாக இருந்தால், வாங்க 2 வருடம், கட்ட 3 வருடம் அவகாசம் உண்டு.

அம்மா விஷயம் ஒன்று பாக்கி. கணக்குப்படி, அந்த வீட்டில் வாழ்க்கையைக் கழித்த அவருக்குப் பிள்ளைகளை விடக் குறைந்த பங்குதான் வருகிறது: 60 லட்சத்தில் 15 லட்சம். அதை நீங்களும் தம்பியும் சேர்ந்து கூட்டிக் கொடுக்கலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. எவ்வளவானாலும் அவர் பங்குக்கான செக் அவர் பெயரிலேயே வரட்டும், அவருடைய வங்கிக் கணக்கிலேயே ஏறட்டும். அவர் உங்களோடு இருக்கிறார் என்பதற்காக உங்கள் கணக்கில் வாங்கிவைக்காதீர்கள்.